கூண்டுச் சீட்டில் இரண்டு கட்டங்கள்

போன மாதம் நான் மலைக்கு வந்திருந்தபோது, ஆய்வு எலிகளைப் பார்த்துக்கொள்ளும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சார், கூண்டுச் சீட்டுல ‘செய்தவர்’னு ஒரு கட்டம் இருக்கு, புரியுது. பக்கத்துல ‘சொன்னவர்’னு இன்னொண்ணு எதுக்கு? நான் வேலை பார்த்த வேற எந்த இடத்துலயும் இல்லையே.”

ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அந்தக் கட்டம் அங்கே வந்ததற்குக் காரணம் நான். எனவே நானே எழுதிவிடுவதுதான் முறை.

உமி மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி கழுவுவது, எலியைக் கையில் எடுப்பது எல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கையேட்டின்படி எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், தவறே செய்யாத ஒருவருடைய வேலை போக இருந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் இங்கே பொறுப்பாளர், ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் இருந்தன. புதூர்நாட்டுப் பக்கம் இப்போது நீங்கள் பார்க்கும் அதே கட்டடம்தான். வாசலில் பலாமரம். உள்ளே நுழைந்தால் ஒரு நடை, இடது பக்கம் மருந்து அறை, வலது பக்கம் சுத்த அறை. ஒவ்வொரு அறையிலும் ஒரே அலமாரி, அதில் வரிசையாக ஆறு கூண்டுகள், கூண்டுக்கு இரண்டு பெண் சுண்டெலிகள். எல்லாம் வெள்ளை. எல்லாம் ஒரே நாள் ஜீப்பில் ஏறி வந்தவை.

ஆய்வு நிவேதாவுடையது. கண்ணமங்கலத்துப் பெண், முனைவர் பட்டத்துக்கு மூன்றாம் ஆண்டு. கேள்வி எளிமையானது. எலிக்குத் தண்ணீரில் கலந்து ஆன்டிபயாடிக் கொடுத்தால், அதன் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களில் அந்த மருந்துக்குச் சாகாதவை பெருகிவிடும். மருந்தை நிறுத்திய பிறகு அவை எத்தனை நாளில் குறையும்? குறையுமா? மருந்து அறை எலிகள் சில வாரம் மருந்து குடித்தன, பிறகு நிறுத்தினோம். சுத்த அறை எலிகள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அவைதான் ஒப்பீடு. மலையில் ஏன் என்றால், கீழே இருக்கும் ஆய்வகத்தில் ஆயிரம் மருந்து புழங்குகிறது. இங்கே காற்றும் தண்ணீரும் தள்ளி இருக்கின்றன என்று எங்கள் தலைமை ஆய்வாளர் நினைத்தார். அவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். மாதத்துக்கு ஒருமுறை வருவார். அதிகம் பேசமாட்டார். அவர் பேசாமல் நின்றால், எதிரில் இருப்பவர் தானாகப் பேசத் தொடங்கிவிடுவார்.

எலிகளைப் பார்த்துக்கொண்டவர் பச்சையம்மாள். பக்கத்துக் குக்கிராமம். எட்டாவது படித்தவர், நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். மலையிலிருந்து நாங்கள் வேலைக்கு எடுத்த முதல் ஆள் அவர்தான். அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றுவார், நாங்கள் கொடுத்த ரப்பர் செருப்பை உள்ளே போட்டுக்கொள்வார், அதற்கு முன் வாசல்படியை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது கையேட்டில் இல்லை. ஆனால் அவர் காலத்தில் வெளிச்செருப்பு ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

நடையில் தனியாக ஒரு கூண்டு இருக்கும். அதில் காவல் எலிகள். வாரம் ஒருமுறை, எல்லாக் கூண்டிலிருந்தும் பழைய உமியில் ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுவோம். எலி சாணத்தைத் தின்னும். தன்னுடையதையும் தின்னும், பிறருடையதையும் தின்னும். எந்தக் கூண்டில் நோய் இருந்தாலும் காவல் எலிக்கு வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றில் ஒன்றைக் கீழே அனுப்பிச் சோதித்தால் போதும். மற்ற எலிகளைத் தொட வேண்டியதில்லை. பச்சையம்மாள் இவற்றுக்கு ‘தலையாரி’ என்று பெயர் வைத்திருந்தார்.

“ஊருல எவன் வூட்ல இன்னா கொழம்புன்னு தலையாரிக்குத் தெரியும் சார். அதே மாரிதான் இதுங்களும்” என்பார்.

இந்த வேலைக்கு வருமுன் நான் நான்கு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்கு ஒடுகத்தூர்ப் பகுதி நிருபராக இருந்தேன். பேருந்து கவிழ்ந்த இடத்துக்குப் போய், பார்த்தவரிடம் “டிரைவர் குடிச்சிருந்தாரா?” என்று கேட்டு எழுதி அனுப்பினேன். ஆசிரியர் அதைத் திருப்பி அனுப்பினார். “என்ன பார்த்தீங்கன்னு கேளு” என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தது. பல வருடம் கழித்து, தேவைப்பட்ட நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். காலை ஒன்பது மணி. நிவேதா என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் சுத்த அறையின் ஆறு கூண்டுகளுக்கும் ஆறு தட்டுகள். அந்தத் தட்டில் மருந்து கலந்த கூழ் இருக்கும். சாகாத பாக்டீரியா இருந்தால் மட்டுமே அதில் புள்ளி புள்ளியாக வளரும். சுத்த அறைத் தட்டுகளில் ஒன்றும் வளரக் கூடாது. அதற்கு முந்தைய மாதம் வரை வளரவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று வெறுமையாக இருந்தன. நான்கில் இளஞ்சிவப்புப் புள்ளிகள், எண்ண முடியாத அளவு. ஐந்திலும் ஆறிலும் குறைவு, ஆனால் இருந்தன.

“திரும்பப் போட்டுப் பார்த்தியாம்மா?”

“மூணு தடவை சார்.” நிவேதாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் தட்டின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. “ஒப்பீடே போச்சு. மருந்து குடிக்காத எலிக்கே இது இருந்தா, குடிச்ச எலியைப் பத்தி நான் என்னன்னு எழுதறது?”

மேடத்துக்குச் சொன்னோம். இரண்டு நாளில் வருவதாகச் சொன்னார். அதற்குள் காரணம் என்ன என்று அறிக்கை தயாராக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இரண்டு நாள் கெடு வைத்தால் மனிதர்கள் காரணத்தைத் தேடமாட்டார்கள், ஆளைத் தேடுவார்கள். நாங்களும் அப்படித்தான். இரண்டு அறைக்கும் போய் வருகிறவர் ஒருவர்தான். நான் பச்சையம்மாளைக் கூப்பிட்டேன்.

“மறைக்காம சொல்லு பச்சையம்மா. மருந்து குடிச்ச எலி எதையாவது இந்தப் பக்கம் வுட்டியா?”

“இல்ல சார்.”

“கூண்டு எதுவும் மாறிப்போச்சா?”

“நான் இன்னா கண்ணு தெரியாதவளா? செவப்புச் சீட்டு அந்தப் பக்கம், வெள்ளச் சீட்டு இந்தப் பக்கம். மாறுனா எனக்குத் தெரியாதா?”

“கை கழுவாம வந்தியா?”

அவர் கையை என் முன் நீட்டிக் காட்டினார். கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

நிவேதாவும் தனியாகக் கேட்டார். “அக்கா, தெரியாம நடந்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்க. மருந்து அறை எலி ஏதாவது தப்பி வந்துச்சா?” அவருக்கும் அதே ‘இல்ல’தான்.

மறுநாள், பை மாட்டும் ஆணியில் தொங்கிய பச்சையம்மாளின் பையிலிருந்து ஒரு பொட்டலம் எட்டிப்பார்த்ததை நிவேதா கவனித்தார். அதன்மேல் சேவல் படம். கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்துப் பொடி. பின்பக்கம் திருப்பினால், எங்கள் எலிகளுக்குக் கொடுத்த அதே வகை மருந்து.

அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. வெட்கத்தோடு எழுதுகிறேன், ஆனால் அதுதான் உண்மை. காரணம் கிடைத்துவிட்டது, அது எங்களுக்கு வெளியே இருந்தது.

மேடம் வந்ததும் அவரே கேட்டார்.

“கோழிக்கு இதைக் கொடுக்கறீங்களா?”

“ஆமா மேடம். கார்த்திகையில நாலு கோழி தலய தொங்கப் போட்டுக்கினு நின்னுச்சு. ஊரே வாங்கிக் குடுத்துச்சு. திருப்பத்தூர் போறவங்க கையில சொல்லி வுட்டா வாங்கியாருவாங்க.”

“எவ்வளவு கலக்கறீங்க?”

“தண்ணி நெறம் மார்ற வரைக்கும்.”

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பதில்தான் அவரைக் குற்றவாளியாக்கியது.

“மருந்து குடிச்ச எலி எதையும் நீங்க சுத்த அறைக்குக் கொண்டுவரலை?” என்று மேடமும் கேட்டார்.

“இல்ல மேடம். எத்தினி பேரு கேட்டாலும் இல்லதான்.”

அறிக்கையை நான் எழுதினேன். இரண்டு பத்தி. முதல் பத்தியில், பராமரிப்பு உதவியாளரின் வீட்டுக் கோழிகளிலிருந்து அவர் கை, உடை வழியாக இது வந்திருக்கலாம் என்று எழுதினேன். ‘இருக்கலாம்’ என்ற சொல்லை நிருபராக இருந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அது எழுதுகிறவரைக் காப்பாற்றும். எழுதப்படுகிறவரைக் காப்பாற்றாது. இரண்டாம் பத்தியில், இனி கோழி, ஆடு வளர்க்கும் வீடுகளிலிருந்து உதவியாளர் எடுக்க வேண்டாம் என்று பரிந்துரை. மலையில் கோழி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? பச்சையம்மாளோடு சேர்த்து, மலைக்காரர் எவரும் இனி அந்தக் கட்டடத்துக்குள் வரமாட்டார் என்பதுதான் அதன் பொருள். எழுதும்போது எனக்கு அது தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

பச்சையம்மாளை வீட்டுக்குப் போகச் சொன்னோம். நீக்கியதாகச் சொல்லவில்லை, “கொஞ்ச நாள் இருங்க” என்றோம். அவர் சாவியை மேசைமேல் வைத்தார். அறைக்குள் இனிப் போக வேண்டாம் என்றும் சொல்லியிருந்தோம்.

மேடத்தின் ஜீப் பதினொரு மணிக்கு. மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். கீழே இறங்கியதும் அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்புவதாக மேடம் சொன்னார். மணி பத்தரை.

கூண்டுகளைத் துடைக்க இனி ஆள் இல்லையே என்று சுத்த அறைக்குப் போனேன். அலமாரி முன் நின்றேன். வேலை என்று வந்தால் எல்லோரும் ஒன்றாம் கூண்டில்தான் ஆரம்பிப்போம். பச்சையம்மாளும் அப்படித்தான்: ஒன்று, இரண்டு, மூன்று என்று இடமிருந்து வலமாக, ஒருநாளும் மாற்றியதில்லை. கையில் எதையாவது சுமந்துகொண்டு அவர் அறைக்குள் வந்திருந்தால், முதலில் யாருக்குக் கொடுத்திருப்பார்? ஒன்றாம் கூண்டுக்கு. ஆனால் ஒன்று சுத்தம். இரண்டு சுத்தம். மூன்று சுத்தம். நான்கில்தான் கூட்டம். அதற்கப்புறம் ஐந்திலும் ஆறிலும், உமி மாற்றும் மேசை வழியாக, கொஞ்சம் கொஞ்சம். வேலை முடிந்ததும் அவர் மேசையைக் கழுவிவிடுவார், அதனால் அடுத்த முறை ஒன்றாம் கூண்டுக்குப் போகவில்லை.

இது வெளியிலிருந்து வரவில்லை. நான்காம் கூண்டில் பிறந்து வலப்பக்கமாக நடந்திருக்கிறது.

நான்காம் கூண்டின் சீட்டை எடுத்துப் பார்த்தேன். தேதி, உமி மாற்றம், தண்ணீர், கீழே ‘செய்தவர்’ என்ற கட்டத்தில் பச்சையம்மாளின் கையெழுத்து. அது மட்டும்தான்.

வெளியே வந்தேன். பச்சையம்மாள் இன்னும் போகவில்லை. பலாமரத்தடியில் நின்றிருந்தார்.

“இன்னும் போவலியா?”

“சோத்துத் தூக்கு உள்ள மாட்டிக்கினு கீது சார். உள்ள போவக் கூடாதுன்னீங்களே.”

உள்ளே போய்த் தூக்கை எடுத்து வந்தேன். கனமாக இருந்தது, சாமைச் சோறு. கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர் வாங்கிய விதத்தில் கோபம் இல்லை, அதுதான் என்னை நிறுத்தியது. நான் அதுவரை கேட்காத விதத்தில் கேட்டேன்.

“பச்சையம்மா, நாலாங்கூண்டுல மார்கழி பொறந்ததுலேர்ந்து இன்னா இன்னா நடந்துச்சு? நல்லது கெட்டது பாக்காத. ஒண்ணொண்ணா சொல்லு.”

அவர் தூக்கைக் கீழே வைத்தார். விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

“புட்டி ஒழுகுச்சு, மாத்துனேன். அப்பறம் ஒண்ணுத்துக்குப் பல்லு நீண்டுக்கினு தின்ன முடியாம செத்துப்போச்சு. நீங்க வந்து பாத்தீங்க.”

“ஆமா.”

“இன்னொண்ணு ஒண்டியா கெடந்துச்சு. அந்த வாரம் குளிரு கொன்னுச்சே சார், மூலையில சுருண்டுக்கினு தீனி எடுக்கல. நான் உங்கக்கிட்ட வந்து சொன்னேன். நீங்க, தலையாரில ஒண்ண எடுத்து அதுகூட வுடுன்னீங்க. வுட்டேன். அன்னிக்கே ரெண்டும் ஒண்ணா படுத்துக்கிச்சு.”

நான் சொன்னேன்தான். அப்போது நினைவுக்கு வந்தது. நடையில் நடந்துகொண்டே, ஃபோனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். தனியாக இருக்கும் எலி குளிரில் நடுங்குகிறது. காவல் கூண்டில் நான்கு எலி இருக்கிறது. அதே வயது, அதே நாள் வந்தவை. ஒரு சொட்டு மருந்து குடித்ததில்லை. எனக்கு அப்போது தோன்றியது அவ்வளவுதான். எல்லாக் கூண்டின் சாணத்தையும் தின்று வளர்வதுதான் அதன் வேலை என்பது தோன்றவில்லை. மருந்து குடிக்கவில்லை. ஆனால் மருந்து குடித்த எலிகளின் குடலில் இருந்ததெல்லாம், வாரம் ஒரு கைப்பிடியாக, அதன் குடலுக்குள் போயிருந்தது. மருந்தே குடிக்காத எலிக்கும் சாணம் வழியாக இது வரும் என்று தெரிந்துதான் இரண்டு அறைகளையும் நாங்கள் பிரித்து வைத்திருந்தோம்.

ஆய்வுப் பதிவேட்டில் எழுத வேண்டியவன் நான். உதவியாளர்கள் அதைத் தொடக் கூடாது என்பது என்னுடைய விதி. மாலையில் எழுதலாம் என்று விட்டேன். எழுதவில்லை.

“ஏன் இதை முன்னாடியே சொல்லல?”

“நீங்க மருந்து குடிச்ச எலிய வுட்டியான்னு கேட்டீங்க. நிவேதா பாப்பாவும் அதான் கேட்டுச்சு. மேடமும் அதான். அது மருந்து குடிக்கலியே சார்.” தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். “அதுவுமில்லாம, சொன்னது நீங்க. நீங்க எழுதி வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். உங்களுக்கே தெரிஞ்சத நான் இன்னாத்த வந்து சொல்றது?”

நடைக்குப் போய்க் காவல் கூண்டைப் பார்த்தேன். சீட்டில் நான்கு. உள்ளே மூன்று.

சமையலறையில் எனக்கு ஊற்றி வைத்த டீ இருந்தது. அந்த டீயைக் குடித்து முடிக்கும் வரை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை உங்களிடம் மறைப்பதில் பயனில்லை. மூன்று ஆண்டுகளில் ஓய்வு. பணிப் பதிவேட்டில் அதுவரை ஒரு கரும்புள்ளி இல்லை. நடந்ததை அறிந்தவர் என்னைத் தவிர ஒருவர். அவர் வீட்டுக்குப் போகிறார். அவரை யாரும் இனிக் கேட்கப்போவதில்லை. கோழிக் கதை நம்பும்படி இருந்தது. அடுத்த ஆய்வுக்குப் பாடமாகக்கூட இருந்தது. இப்படி எல்லா நியாயமும் வரிசையாக வந்து நின்றன. நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு டீயோடு உட்காருவீர்கள். அப்போது நியாயங்கள் வரும் வேகத்தைக் கவனியுங்கள். உண்மைக்கு அவ்வளவு நியாயம் தேவைப்படாது.

ஜீப் ஹார்ன் அடித்தது. டம்ளரை வைத்துவிட்டுப் போனேன். மேடம் முன் இருக்கையில் ஏறியிருந்தார், மடியில் கோப்பு.

“மேடம், அந்த அறிக்கையைக் கொடுங்க. அது தப்பு.”

கூண்டுகளின் வரிசையைச் சொன்னேன். காவல் எலியைச் சொன்னேன். நான் சொல்லித்தான் நடந்தது என்பதையும், எழுதாமல் விட்டதையும் சொன்னேன். டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார். நான் முடித்ததும் மேடம் கேட்டார்.

“அந்தம்மாவை எத்தனை பேர் கேட்டோம்?”

“மூணு பேர்.”

“மூணு பேரும் ஒரே கேள்வி.”

“ஆமா மேடம்.”

“பதிலை நாமே கேள்விக்குள்ள வச்சிட்டோம். ஆமாவா இல்லையான்னு மட்டும் அவங்ககிட்ட விட்டோம்.” கோப்பைத் திறந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். “இதை நான் கிழிக்க மாட்டேன். நீங்களும் கிழிக்காதீங்க. புதுசு எழுதி, இதையும் பின்னாடி சேர்த்து வைங்க. நாம என்ன எழுத இருந்தோம்னு யாராவது பார்க்கணும்.”

இப்போதும் அது கோப்பில் இருக்கிறது. இரண்டு தாளும். நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

நிவேதாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் எனக்குப் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“அப்ப எனக்கு ஆறு மாசம் போச்சு சார்.”

“போச்சும்மா.”

“உங்களால.”

“என்னாலதான்.”

அவர் கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. கத்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “அந்தப் பொட்டலத்தை நான்தான சார் எடுத்துக் காட்டினேன். அக்கா பையைத் தொட்டதே தப்பு. நானும் வர்றேன்” என்றார்.

பச்சையம்மாள் அதற்குள் போயிருந்தார். பிற்பகல் நிவேதாவும் நானும் நடந்தே போனோம். புளி உலுக்கும் காலம். வீட்டு முன்னால் புளியை ஓடு நீக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்துப் பச்சையம்மாள் எழுந்திருக்கவில்லை. அவர் கணவர்தான் முதலில் பேசினார்.

“வாங்க சார். இன்னா, எலிங்க சொகமா? எங்க கோழிங்க பண்ண வேலயில செத்துகித்துப் போவலியே?”

“கோழிங்க மேல தப்பு இல்லீங்க.”

“அத்த கோழிங்ககிட்ட சொல்லுங்க. காலையிலேர்ந்து மொகம் குடுத்துப் பேச மாட்டேங்குதுங்க.”

பச்சையம்மாள் சிரிக்கவில்லை. நிவேதா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புளியை எடுத்து ஓடு உடைக்கத் தொடங்கினார். நான் நின்றுகொண்டே சொன்னேன்: தவறு என்னுடையது, புதிய அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறது, நாளைக்கு வேலைக்கு வர வேண்டும். தாளை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, உதட்டை அசைத்து முழுவதும் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“தேதி போடலியே சார்.”

“எந்தத் தேதி?”

“எலிய வுட்ட தேதி. நீங்க மறந்துட்டீங்க. எனக்குத் தெரியும்.” சொன்னார். அவர் சொன்ன தேதியை அங்கேயே எழுதினேன். அன்று நடையில் பேசிய அழைப்பின் தேதியை ஃபோனில் பிறகு ஒத்துப்பார்த்தேன், சரியாக இருந்தது.

“வர்றேன்” என்றார். “ஆனா ஒண்ணு. அந்தச் சீட்டுல ‘செய்தவர்’னு போட்டு என் கையெழுத்து கீது. உமி மாத்துனது நானு, புட்டி வெச்சது நானு, எலிய வுட்டது நானு. எல்லாம் நான்தான். நாளைக்கு எவனாவது எடுத்துப் பாத்தா இன்னா நெனப்பான்? வுடச் சொன்னவரு பேர எங்க எழுதறது? அதுக்கு எடமே இல்லியே சார் அதுல.”

இருபது வருடமாக அந்தச் சீட்டை நான் அச்சடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது தெரிந்ததில்லை.

நிவேதா தலை நிமிராமல், “எடம் போட்டுடலாம்க்கா” என்றார்.

“நீ போடுவ பாப்பா. இவரு எழுதுவாரா?”

கணவர் குறுக்கே வந்தார்: “எழுதலன்னா கோழியக் கூட்டிக்கினு வந்து கேப்போம்.” அப்போதுதான் பச்சையம்மாள் சிரித்தார்.

மறுநாள் அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார், படியைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். நான்கு, ஐந்து, ஆறு கூண்டு எலிகளின் முடிவைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. நம் தொழிலில் அது எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும். நான்காம் கூண்டின் அந்த இரண்டும் கடைசி வரை ஒன்றாகத்தான் படுத்திருந்தன. நிவேதா புதிய எலிகளோடு முதலிலிருந்து தொடங்கினார். அரை ஆண்டு தாமதமாகப் பட்டம் வாங்கினார். கோழிப் பொடியில் அவர் சந்தேகப்பட்டதில் தவறில்லை. அதைக் கண்டபடி கலந்து கொடுப்பதால் கோழிக் குடலிலும் இதேதான் நடக்கும். ஆனால் அது வேறு கேள்வி. எங்கள் நான்காம் கூண்டின் கேள்விக்கு அது பதில் இல்லை. இதைப் பச்சையம்மாளிடம் நிவேதா விளக்கிச் சொன்னபோது, “அத்த மொதல்ல சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே. கோழி செத்தா கோழியோட போச்சு” என்றார். அளவு தெரியாமல் கலப்பதை அந்த ஊரில் நிறுத்த வைத்தவரும் பிற்பாடு அவர்தான்.

சில வாரம் கழித்துப் புதிய சீட்டுகள் வந்தன, இரண்டு கட்டத்தோடு. முதல் சில நாள் நான் ஒழுங்காக எழுதினேன். பிறகு அவசரம், பழக்கம், ஃபோன். பச்சையம்மாள் எதுவும் சொல்லமாட்டார். வேலையைச் செய்யவும் மாட்டார். நான் சொன்ன இடத்திலேயே, கூண்டுக்குப் பக்கத்தில், கைகட்டி நிற்பார். நான் திரும்பிப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வரை நிற்பார்.

என் கடைசி நாள். மாலையில் ஒரு சின்ன விழா, மாலை, பேச்சு. அதற்கு முன், பழக்கத்தில் சுத்த அறையை எட்டிப்பார்த்தேன். ஓர் எலி காதில் காயத்தோடு இருந்தது. “அதைத் தனிக் கூண்டுல போட்டுடு பச்சையம்மா” என்று சொல்லிவிட்டு நடந்தேன். நடையின் கடைசி வரை போய்விட்டேன். பின்னால் சத்தமே இல்லை. திரும்பினேன். கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இந்த முறை கை கட்டியிருக்கவில்லை. பேனாவை நீட்டியிருந்தார்.

“ரிட்டயர்டு ஆனா இன்னா சார்? எழுதிட்டுப் போங்க.”